ஸ்விஃப்ட் டீசல்ல கியர் ராடு ரொம்ப தூரம் போகுது, வெட்டி ஷார்ட் பண்ணலாமா?

திருநகர்_டீசல்:

வணக்கம்ணே எல்லாருக்கும். என்ட்ட 2013 ஸ்விஃப்ட் டீசல் இருக்கு, செகண்ட் ஓனர், லட்சத்த தாண்டி ஓடிருக்கு. இஞ்சின்ல ஒரு குறை சொல்ல முடியாது, அந்த 1248 சிசி இஞ்சினப் பத்தி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. ஆனா கியர் தான் படுத்துது. ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு இழுத்தா கை ஹேண்ட்பிரேக் வரைக்கும் வந்துருது, தேர்டு போட்டா டேஷ்போர்டத் தொட்டுரும் போல, நியூட்ரல்ல விட்டா ராடு பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கிட்டுக் கெடக்கு. கப்பலூர் டோல் தாண்டி நாலு வழிச்சாலைல ஏறிட்டா ஒண்ணும் தெரியல, ஃபிஃப்த்ல போட்டு விட்டா போய்க்கிட்டே இருக்கும், ஊருக்குள்ள கோரிப்பாளையம் சிக்னல்ல மாட்டுனா தான் எரிச்சலா வருது.

ஃப்ரெண்டோட ஹோண்டா ஒண்ண ஓட்டிப் பாத்தேன், மணிக்கட்ட அசைச்சாலே டக்குனு விழுகுது. அதுலருந்து இந்த ஷார்ட் ஷிஃப்டர், அதாவது ராடு கொஞ்ச தூரம் நகந்தாலே கியர் விழுற மாதிரி மாத்துறது, அந்த ஆசை புடிச்சிருச்சு. ஆன்லைன்ல பாத்தா போலோவுக்கு, வெளிநாட்டு வண்டிக்கெல்லாம் கிட்டு இருக்கு, நம்ம வண்டிக்குன்னு தேடுனா நம்புற மாதிரி ஒண்ணும் சிக்கல. தெரிஞ்ச கடைல கேட்டேன், ராட ரெண்டு இஞ்ச் வெட்டி, மேல மரை போட்டு, நாப்ப (கை பிடிக்கிற குமிழ) மாட்டிக் குடுத்துர்றேன்னாரு, ரெண்டாயிரம் கேக்குறாரு. செய்யலாமா? கியர் பாக்ஸ் போயிருமா? யாராச்சும் செஞ்சிருந்தா சொல்லுங்கண்ணே.

மேலூர்_மாப்ள:

வெட்டிரு மாப்ள, யோசிக்காத. எங்க செட்டுல ஒருத்தன் வெட்டி ஒரு வெயிட்டான ஸ்டீல் நாப் போட்ருக்கான், செமயா இருக்கு, சும்மா தட்டுனா விழுகுது. கியர் பாக்ஸெல்லாம் ஒண்ணும் ஆகல இதுவரைக்கும். ஒரே ஒரு விசயம், வெயில்ல நிப்பாட்டிட்டு வந்து ஸ்டீல் நாப்பத் தொட்டா கை பழுத்துரும், சித்திரைல துண்டு போட்டு மூடி வச்சிருப்பான் பய.

புதூர்_பட்டறை:

தம்பி, லேத்துக்குப் போறதெல்லாம் அப்பறம். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா ரெண்டு விசயம் கலந்து கெடக்கு. ராடு தூரம் போறது ஒண்ணு, ராடு ஆடுறது இன்னொண்ணு. வெட்டுனா தூரம் குறையும், ஆட்டம் போகாது. ஆடுற பல்லை வச்சுக்கிட்டு முறுக்கு கடிக்கக் கூடாது, முதல்ல ஆட்டத்தப் பாருங்க.

உங்க வண்டில ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் நேரடி இரும்பு இணைப்பு கிடையாது, ரெண்டு கேபிள் தான். ஒண்ணு முன்ன பின்ன தள்ளுறதுக்கு, இன்னொண்ணு பக்கவாட்டுல தேர்ந்தெடுக்குறதுக்கு. ரெண்டு கேபிளுக்கும் ரெண்டு முனைலயும் ஒரு சின்ன பிளாஸ்டிக் இல்லன்னா ரப்பர் வளையம், புஷ்ஷுன்னு சொல்லுவோம், உக்காந்திருக்கும், ராடுக்கு அடியில உருண்டை உக்காந்து சுத்துற எடத்துல நைலான் கப்பு ஒண்ணு இருக்கும். லட்சம் ஓடுன வண்டில இதெல்லாம் தேஞ்சு ஓட்டை முட்டை மாதிரி நீளமா போயிருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு மில்லி ஆட்டம் இருந்தா போதும், அது கீழ நடக்குது, நாப்பு மேல இருக்கு, அங்க வந்து சேரும்போது நாலு மடங்கா தெரியும்.

பாக்குறது ஈஸி. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு தேர்டு கியர் போட்டுக்கங்க. நாப்ப ரெண்டு விரலால மட்டும் முன்னயும் பின்னயும் அசைங்க, பிடிக்கிற வரைக்கும் எவ்வளவு சும்மா போகுதுன்னு பாருங்க. அப்பறம் ஒரு ஆள உள்ள உக்கார வச்சு நாப்ப அசைக்கச் சொல்லிட்டு நீங்க பானெட்ட தூக்கி கியர் பாக்ஸ் மேல கேபிள் வந்து மாட்டுற ஆர்மப் பாருங்க, பேட்டரி ஏர் ஃபில்டர் பக்கமா குனிஞ்சு டார்ச் அடிச்சா தெரியும். உள்ள ராடு அசையுது, இங்க ஆர்ம் அசையலைன்னா அந்த வித்தியாசம் முழுக்க புஷ்ஷு தின்னது தான்.

இன்னொண்ணு, ஓடும்போது ஆக்சிலேட்டர மிதிச்சா ராடு ஒரு பக்கம் இழுக்குது, விட்டா இன்னொரு பக்கம் தள்ளுதுன்னா அது புஷ்ஷு இல்ல, இஞ்சின் மவுண்டிங். டீசல் இஞ்சினுக்கு 190 நியூட்டன் மீட்டர் டார்க், அத்தனையும் தாங்குறது அந்த ரப்பர் தான், அது கிழிஞ்சிருந்தா நீங்க ராட என்ன செஞ்சாலும் கியர் சரியா விழாது.

ரெண்டாயிரம் வாங்கிட்டு வெட்டிக் குடுக்குறேன்னு சொன்னவரு இதுல ஒண்ணையாச்சும் பாத்தாரான்னு கேளுங்க.

கணவாய்_டிரைவர்:

அண்ணன் சொன்னது சரி. நான் தேனிப்பக்கம் டாக்ஸி ஓட்டுறேன், ஆண்டிபட்டி கணவாயில ஏறி இறங்குறது தான் பொழப்பு, மாசத்துல கொஞ்ச நாள் கொடைக்கானலுக்கும் ஓடும். வெட்டுறதுக்கு முன்னாடி காசு செலவில்லாம ஒரு சோதனை சொல்றேன், செஞ்சு பாருங்க. நாப்பப் பிடிக்காதீங்க. அதுக்குக் கீழ, அந்த லெதர் கவர் ஆரம்பிக்கிற எடத்துக்கு மேல, ராட நேரடியா பிடிச்சுக் கியர் போடுங்க. ரெண்டு இஞ்ச் கீழ பிடிச்சா ரெண்டு இஞ்ச் வெட்டுன ராடு என்ன செய்யுமோ அதே தான், தூரமும் அதே, கனமும் அதே. அப்படியே கொஞ்ச நாள் ஊருக்குள்ள ஓட்டுங்க. பெரியார்ல இருந்து மாட்டுத்தாவணி போற நேரத்துக்குள்ள கை என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுரும், பிடிச்சா வெட்டுங்க, பிடிக்கலைன்னா நாப்பு அங்கயே தான இருக்கு.

என்னையக் கேட்டா வேண்டாம்பேன். மலைல ஏறும்போது வளைவுல தேர்டுல இருந்து செகண்டுக்கு இறக்கணும், அப்ப இஞ்சினும் வீலும் ஒரே வேகத்துக்கு வர்ற வரைக்கும் ராட ஒரு அழுத்து அழுத்திப் பிடிக்கணும், அந்த நேரத்துல நீளமா இருக்குற ராடு தான் கைக்கு சுகம். ராத்திரி பத்து மணிக்கு வத்தலக்குண்டுல எறங்கும்போது எனக்கு ஸ்போர்ட்டியா வேணும்னு தோணுனதே இல்ல.

மேலூர்_மாப்ள:

டாக்ஸிக்கு அப்படிண்ணே, இவரு ஆசைக்கு ஓட்டுறாரு, ஆசைய அடக்கச் சொன்னா எப்படி.

நாகமலை_மெக்கானிக்கல்:

கை கனம்னு சொன்னாரு பாருங்க, அதக் கொஞ்சம் கணக்காவே சொல்லிர்றேன், ஏன்னா ஷார்ட் ஷிஃப்டர்ல இருக்குற விசயமே இது தான், கடைக்காரங்க இதச் சொல்றதில்ல.

ராடுங்கிறது ஒரு நெம்புகோல். நடுவுல ஒரு உருண்டை, அதுக்கு மேல ஒரு நீளம், கீழ கேபிள் மாட்டுற வரைக்கும் ஒரு நீளம். சும்மா கணக்குக்கு மேல 200 மிமீ, கீழ 50 மிமீன்னு வச்சுக்கங்க, உங்க வண்டியோட அளவு இது இல்ல, கன்சோல, அதாவது ராடச் சுத்தி இருக்குற மூடியக் கழட்டி நீங்களே அளந்துக்கணும். இது நாலுக்கு ஒண்ணு. நாப்பு 120 மிமீ நகந்தா கேபிள் 30 மிமீ நகரும், உள்ள செலக்டருக்கு அந்த 30 கட்டாயம் வேணும், அதுல பேரம் கிடையாது. இப்ப மேல 40 மிமீ வெட்டுனா 160க்கு 50, அதாவது 3.2க்கு ஒண்ணு. நாப்பு 96 மிமீ நகந்தாப் போதும், அஞ்சுல ஒரு பங்கு தூரம் குறைஞ்சுருச்சு. ஆனா கை 25 சதவீதம் கூட தள்ளணும். தூரத்தக் குறைச்சா பலம் கூடும், ரெண்டும் ஒரே காசோட ரெண்டு பக்கம், இத ஏமாத்த எந்தக் கிட்டாலயும் முடியாது.

இன்னொரு வழி, மேல கையே வைக்காம உருண்டைய 10 மிமீ தூக்குறது. அப்ப மேல 190, கீழ 60. 3.17க்கு ஒண்ணு. பாருங்க, மேல 40 வெட்டுனதுக்குக் கிடைச்ச பலன் கீழ 10 தூக்குனதுலயே வந்துருச்சு, நாப்போட உயரமும் மாறல. நல்ல கிட்டுகள் பலதும் இப்படித்தான் செய்யுது, மேல வெட்டுறது கடைசி வழி.

மூணாவது வழி கியர் பாக்ஸ் பக்கம் இருக்குற ஆர்மச் சின்னதாக்குறது. வெளிநாட்டுக் கிட்டு சிலது இதான். ஆர்ம் சின்னதானா கேபிள் கம்மியா, 30க்குப் பதிலா 24 மிமீன்னு வச்சுக்கங்க, நகந்தாலே போதும். ஆனா எனக்கு இது அவ்வளவாப் பிடிக்காது, ரெண்டு காரணம். ஆர்ம் சின்னதானா கேபிள் மேல இழுவை கூடும், கேபிளும் புஷ்ஷும் சீக்கிரம் நீளும். ரெண்டாவது, 30 மிமீ தூரத்துல 3 மிமீ ஆட்டம் இருந்தா பத்துல ஒண்ணு வீண், 24ல அதே 3 இருந்தா எட்டுல ஒண்ணு வீண். கியர் முழுசா உள்ள போகாம பாதில நிக்கும், ஆக்சிலேட்டர விட்டதும் நழுவி நியூட்ரலுக்கு வந்துரும். பட்டறை அண்ணன் புஷ்ஷ முதல்ல பாக்கச் சொன்னது ஏன்னு இப்ப புரியுதா.

கியர் பாக்ஸ் போயிருமான்னு கேட்டீங்கல்ல. வெட்டுனதால மட்டும் போகாது, வெட்டுனதுக்கப்பறம் நீங்க ஓட்டுற விதத்துல போகும். கியர் மாத்தும்போது உள்ள ஒரு பித்தளை வளையம், சிங்க்ரோ ரிங், கூம்பு மாதிரி இருக்குற பல்சக்கரத்து மேல உரசி ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்குது, ஒண்ணாகுற வரைக்கும் பல்ல உள்ள விடாது. அந்த உரசலுக்குக் கொஞ்ச நேரம் வேணும். ஷார்ட் ராட வெரசா அடிச்சுத் தள்ளுனா அந்த நேரத்தக் குடுக்காம அழுத்தத்த மட்டும் ஏத்துறீங்க, ரிங்கு சூடாகித் தேயும். பெரும்பாலும் முதல்ல போறது செகண்ட் கியரோட ரிங்கு தான், ஏன்னா ஃபர்ஸ்ட்டுக்கும் செகண்டுக்கும் நடுவுல வேக வித்தியாசம் பெருசு. செகண்டுக்குப் போடும்போது நறநறன்னு பல்லக் கடிச்சா ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம்.

வெயிட்டான நாப்புக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிர்றேன், அது உருட்டிட்டுப் போற வேகத்துல உள்ள இருக்குற சின்னச் சின்னத் தடைகளத் தாண்டிப் போகும், அதனால லேசா தெரியும். அது நிஜம் தான், ஆனா அந்த எடையையும் நைலான் கப்பு தான் தாங்குது.

வக்கீல்_வண்டி:

ஒரு குறுக்கு. வண்டில மாத்தங்கள் பண்ணாலே ஆர்டிஓ புடிப்பாங்கன்னு சிலர் பயமுறுத்துவாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்றது, ஆர்சில இருக்குற விவரங்கள் கம்பெனி குடுத்த அளவுலருந்து மாறுற மாதிரி மாத்தக் கூடாதுன்னு தான், 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதக் கறாரா சொன்னுச்சு. இஞ்சின், பாடி, சேஸ் இதெல்லாம் தான் அதுல வரும், கியர் ராடோட நீளம் ஆர்சில இல்ல. ஆனா வாரண்டி உள்ள வண்டியா இருந்தா கியர் பாக்ஸ்ல எது வந்தாலும் உங்க தலைல கட்டிருவாங்க. 2013 வண்டிக்கு அந்தக் கவலை இல்ல.

திருநகர்_டீசல்:

எல்லாருக்கும் நன்றிண்ணே, இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல.

முதல்ல டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரி கீழ பிடிச்சு ஓட்டிப் பாத்தேன். மொத நாள் ஜாலியா இருந்துச்சு. அம்மாவ பக்கத்துல உக்கார வச்சுட்டு திருப்பரங்குன்றம் போனேன், கிரிவலப் பாதைல கூட்டம், ஃபர்ஸ்ட் செகண்ட் ஃபர்ஸ்ட் செகண்ட்னு போய்க்கிட்டே இருந்ததுல கை வலி கண்டுருச்சு. வெட்டுற ஐடியா அங்கயே பாதி போயிருச்சு.

அப்பறம் கன்சோலக் கழட்டினேன். பட்டறை அண்ணன் சொன்ன புஷ்ஷு ரெண்டும் தொட்டதும் பொடியாக் கையோட வந்துச்சு, ஒண்ணுல பாதி தான் மிச்சம் இருந்துச்சு, கேபிள் முனை நேரா இரும்புப் பின்னு மேலயே ஆடிக்கிட்டு இருந்துருக்கு. டேப்ப வச்சு நாப்போட நடுவுலருந்து அளந்தேன், புஷ்ஷு மாத்துறதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு 14 செமீ கிட்ட வந்துச்சு, மாத்துன பிறகு 12 சொச்சம். புஷ்ஷோட விலைய சொன்னா சிரிப்பீங்க, கேபிள் செட்டு முழுசா மாத்தணும்னு சொன்ன கடைலயே கேபிள் மட்டும் ஆயிரக்கணக்குல சொன்னாங்க, வெறும் புஷ்ஷு தனியா அலைஞ்சு தேடுனா டீ வடை காசுக்குக் கிடைக்குது.

நியூட்ரல்ல இப்ப ராடு ஆடல, நட்டமா நிக்குது. ஆனா உண்மைய சொல்லணும்ல, ஆசை முழுசாப் போகல. நாகமலை அண்ணன் சொன்ன அந்த உருண்டைய 10 மிமீ தூக்குற கணக்கு மண்டைலயே சுத்துது. நம்ம ஊர்ல செய்ய முடியுமா? கியர் ஆயிலும் மாத்தணுமான்னு ஒரு சந்தேகம், முன்னாடி ஓனரு மாத்துனாரான்னு தெரியல.

புதூர்_பட்டறை:

நல்ல காரியம் தம்பி. கழட்டும்போது பேட்டரி நெகட்டிவ எடுத்துட்டுத் தான கழட்டுனீங்க? பல வண்டில ஏர்பேக் பொட்டி அந்த நடு மேட்டுல தான் உக்காந்திருக்கும், அங்க சுத்தியல் வச்சுத் தட்டுறது, வெல்டிங் வைக்கிறது ஆகவே ஆகாது. அடுத்த தடவ கன்சோலத் தொட்டா பேட்டரிய எடுத்துட்டு அஞ்சு பத்து நிமிசம் சும்மா இருந்துட்டுத் தொடுங்க.

உருண்டைய தூக்குறத நம்ம ஊர்ல தாராளமா செய்யலாம், புதூர் தொழிற்பேட்டைல லேத்து வச்சிருக்குற எவரும் அத செஞ்சு குடுப்பாரு, ஆனா ராட வெட்டச் சொல்லாதீங்க. ராடு மாட்டியிருக்குற அந்தக் கூடு நாலு போல்ட்டுல தரைல இருக்கும். சிலர் அந்தக் கூடையே வாஷர் வச்சு தூக்கிருவாங்க, அது வேலைக்காகாது, கூடு தூக்குனா கேபிளும் சேந்து தான் தூக்கும், கணக்கு மாறவே மாறாது, நாப்பு மட்டும் உசரமாகும். உருண்டையோட எடம் மட்டும் மேல ஏறணும், கேபிள் மாட்டுற பின்னு இருந்த எடத்துலயே இருக்கணும். அதுக்கு உருண்டைக்கும் பின்னுக்கும் நடுவுல நீளம் கூட வச்சு ஒரு புது ராடு கடைஞ்சு எடுக்கணும், பழைய ராடு பெட்டில கெடக்கட்டும், பிடிக்கலைன்னா மாட்டிக்கலாம். பழசுல ஒட்டு வச்சு வெல்டு பண்ணித் தரேன்னு சொன்னா வேண்டாம்னு எந்திரிச்சு வந்துருங்க. சூட்டுல நைலான் உருகுறது ஒரு பக்கம், ஒட்டு வச்ச எடம் ஒரு நா நடு ரோட்டுல கையோட வந்துரும், நான் ரெண்டு வண்டில பாத்துருக்கேன், ரெண்டும் எங்க பட்டறைல செஞ்சது இல்ல.

செஞ்ச பிறகு சோதிக்க வேண்டியது ஒண்ணு தான். ஒவ்வொரு கியரும் முழுசா உள்ள போகுதான்னு. ஆள உள்ள உக்கார வச்சு கியர் போடச் சொல்லி, கீழ கியர் பாக்ஸ் ஆர்ம கையால இன்னும் தள்ளிப் பாருங்க, இன்னும் போகுதுன்னா உங்க ராடு கன்சோல்லயோ கூட்டுலயோ இடிக்குதுன்னு அர்த்தம். குறிப்பா ஃபிஃப்த்தும் ரிவர்ஸும், உங்க வண்டில ரெண்டும் ஒரே வரிசைல வலது ஓரத்துல இருக்கு, பக்கவாட்டுத் தூரம் பத்தலைன்னா அங்க தான் மொதல்ல தெரியும்.

ஆயிலு, முன்னாடி மாத்துனதா தெரியலைன்னா இறக்கிட்டு ஊத்துங்க. மேனுவல்ல என்ன கிரேடு போட்ருக்கோ அது. கடைல கியர் ஆயில்னு கேட்டா டிஃபரன்ஷியலுக்கு ஊத்துற ஜிஎல் 5 எடுத்துக் குடுத்துருவாங்க, டப்பால பாத்து வாங்குங்க, அதுல இருக்குற கெமிக்கல் சில நேரம் பித்தளைக்கு ஆகாது, சிங்க்ரோ ரிங்கு உரசணும்ங்கிற எடத்துல வழுக்கவும் செய்யும். பழைய ஆயில இறக்கும்போது அடியில காந்தத்த பாருங்க, மை மாதிரி கருப்பா ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம், துடைச்சுட்டு மாட்டிரலாம். துண்டு துண்டா பல்லு மாதிரி ஏதாச்சும் இருந்தா ராட விட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஆயில்ல பித்தளை பொடி மினுமினுன்னு நெறய மெதந்தா ரிங்கு ஏற்கனவே தேய ஆரம்பிச்சுருச்சு, அப்ப ஷார்ட் ராடு யோசனைய தள்ளி வச்சுருங்க.

மேலூர்_மாப்ள:

அண்ணே அந்தப் புது ராடு கடையும்போது ரெண்டா கடையச் சொல்லுங்க, என் ஃப்ரெண்டு வண்டியும் அதே மாடல் தான். வெட்டுன ராடுல ஃபிஃப்த் போடும்போது விரல் முட்டி டேஷ்போர்டுல இடிக்குதாம், இப்ப தான் சொல்றான் பய.